இருக்கைத் தோலும் இருப்போர் கடமையும்

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிக் கச்சான் வாங்காது செல்வோர் அரியர். அங்கிருந்து மேற்கே திரும்பி அக்கராயன் நோக்கிச் செல்லும் வண்டிகளில், அக்கச்சானின் கோது இருக்கைத் தையல்களிற் சிக்கும். அதன் எண்ணெய் விரல்வழியே தோலிற் படியும். கோடையில் வீசும் கச்சான் காற்றோ அதன்மேற் புழுதியை அப்பும். உண்ணும் கச்சானும் வீசும் கச்சானும் கூடிச் செய்யும் இக்கேட்டை நீக்கும் முறையறிந்தோர் நம்மிற் சிலரே.

அண்மையில் அக்கராயனில் முதியவர் ஒருவரது மொறிஸ் மைனர் வண்டியில் அமர்ந்தேன். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிது பெற்றோலால் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய பழைய பிரித்தானிய வண்டிகளே மக்களுக்குத் துணையாயின. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர, அதன் வைத்தியசாலை அக்கராயனில் இயங்கிய நாள்களில், அத்தகைய வண்டியொன்றில் நோயாளரை ஏற்றிவந்தவர் அவர். அவ்வண்டி 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்விற் போயிற்று. பின்னர் தேடி வாங்கிய இதனைப் பிள்ளைபோற் பேணுகிறார். எனினும் இருக்கைத் தோல் கறுத்துப் பிசுபிசுத்துத் தையல் விட்டிருந்தது.

“கிழமைக்கு ஒருக்கால் தேங்காயெண்ணெய் பூசுறனான், தம்பி. பிறகும் ஏன் இப்பிடி?” என்றார். தோலை உரித்துவிட்டு றெக்சின் போடவேண்டும் என்பது மகனின் முடிவு.

அன்பிற் குறைவில்லை, குறை அறிவிலேதான். தோல் என்பது நார்களின் பின்னல். ஆவரசம்பட்டை முதலியவற்றின் துவர்ப்பாலோ குரோமிய உப்பாலோ அதனைப் பதனிடுவோர், நார்களுக்கிடையே நெய்ப்பையும் ஊட்டுவர். அந்நெய்ப்பே தோலை வெடிக்காது வளையச் செய்வது. வெயிலில் அது குறையும். தேங்காயெண்ணெய் அக்குறையைத் தீர்ப்பதுபோலத் தோன்றும். நாளடைவில் அதுவே சிக்குநாற்றம் கொண்டு, புழுதியை ஈர்த்து, நூலையும் நலிவிக்கும். மேலும், இக்காலக் கார்த்தோல்களிற் பெரும்பாலானவை நிறப்பூச்சு உடையவை. அவற்றில் எண்ணெய் உட்செல்லாது மேலேயே நிற்கும். மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள்: உறிஞ்சிக் கறுத்தால் பூச்சற்ற தோல், உருண்டு நின்றால் பூச்சுடையது.

செய்யவேண்டியது எளிது. முதலில் மென்மையான தூரிகையால் தையலிடுக்குகளிலுள்ள புழுதியை அகற்றுக. மணல் இருக்கத் தேய்ப்பது தோலை அரத்தால் அராவுவதற்கு ஒப்பாகும். உடுப்புச் சவர்க்காரம் ஆகாது. அது காரமுடையது, தோலோ சிறிதளவு அமிலத் தன்மையது. தோலுக்கென விற்கப்படும் மென்மையான சவர்க்காரத்தை நுரைத்து, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைக்கவேண்டும். நீரை ஊற்றலாகாது. உடனே பிழிந்த துணியால் மீண்டும் துடைத்து, வெயிலிலன்றி நிழலில் உலரவிடுக. உலர்ந்தபின், தோலுக்குரிய பதமளிக்கும் குழம்பை மெல்லிதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்தெடுக்கவேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இது போதும். ஒருமுறை வெடித்த தோலை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் வண்டியை நிழலில் நிறுத்துவதே முதன்மையான மருந்து.

அன்று மாலை நாங்கள் மூவரும் பின்னிருக்கையைத் துடைத்தோம். மூன்று துணிகள் கறுத்தன. நான்காவது துணியின் கீழ், பல்லாண்டு மறைந்திருந்த செந்நிறம் சிறிது சிறிதாய் வெளிப்பட்டது. வெடிப்புகள் அவ்வாறே இருந்தன. ஆயினும் தோல் மீண்டும் தோலாயிற்று.

முதியவர் எண்ணெய்ப் போத்தலை எடுத்து அடுக்களையிற் கொண்டுபோய் வைத்தார். மகன் ஊசியும் நூலும் தேடிச் சென்றார். றெக்சினைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை.