அசையும் படமும் அனுமானக் கணக்கும்



2020ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மாலை நேரம். கொரோனாக் கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம். உரோமை நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. பல்லாயிரம் மக்கள் கூடி நிற்கும் புனித இராயப்பர் பேராலயச் சதுக்கத்தில் அன்று ஆளரவமே இல்லை. வெண்ணிற அங்கி அணிந்த பாப்பரசர் பிரான்சிஸ் அந்த வெற்றுச் சதுக்கத்தில் தன்னந்தனியே நடந்து வந்து, உலக மக்களுக்காக மன்றாடினார். 2025ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த அப்பெருமகனாரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காட்சிதான் நம் மனக்கண் முன் வந்து நிற்கிறது.

உரோமைக்கும் நமக்கும் இடையே கடலும் மலையும் கிடக்கின்றன. அப்படியிருந்தும் அந்தக் காட்சி அன்றே, அந்த நேரத்திலேயே உலகெங்கும் உள்ள வீடுகளுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? இதற்குத் துணை நின்ற விஞ்ஞான உத்திகளில் முதன்மையானது ‘அசைவை ஊகித்தல்’ என்பதாகும். அது என்னவென்று இக்கட்டுரையில் காண்போம்.

அசையும் படம் என்று ஒன்று உண்மையில் இல்லை. விநாடிக்கு 25 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் கண் அவற்றை இணைத்து அசைவாகக் கொள்கிறது. ஒவ்வொரு படமும் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி உள்ள படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் புள்ளிக்கு ஒவ்வொரு பைட் என்று கொண்டால், ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்றால் பதினைந்தரைக் கோடி பைட்! ஆனால் இணையத்தின் வழியே நாம் பார்க்கும் இத்தகைய படத்துக்கு விநாடிக்கு ஆறேகால் இலட்சம் பைட் கிடைத்தால் பெரும்பாலும் போதுமானது. அதாவது ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு. எஞ்சிய 249 பங்கு எங்கே போயிற்று?

விடை எளிது. சதுக்கத்துத் தூண்கள் நடக்கவில்லை. பேராலயத்தின் சுவர் நகரவில்லை. முந்திய படத்தில் இருந்தவையே பிந்திய படத்திலும் இருக்கின்றன. இருந்ததையே திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? மாறியதை மட்டும் அனுப்பினால் ஆகாதா? இந்த எண்ணம் தொலைக்காட்சியின் குழந்தைப் பருவத்திலேயே, 1929ஆம் ஆண்டிலேயே கெல் என்னும் பொறியாளருக்குத் தோன்றிவிட்டது.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. வெள்ளை அங்கி சற்றே வலப்புறம் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் கழித்துப் பார்த்தால், அவர் முன்பு நின்ற இடத்திலும் மாற்றம் தெரியும். வந்து சேர்ந்த இடத்திலும் மாற்றம் தெரியும். நகர்ந்தவர் ஒருவர்தாம், செலவோ இரட்டிப்பு! ஆகவே, “இங்கே என்ன மாறியது?” என்று கேட்பதைவிட, “இங்கே இருப்பது எங்கிருந்து வந்தது?” என்று கேட்பதே சிறந்தது. அசைவை ஊகித்தலின் அடிப்படை இதுவே.

புதிய படத்தைப் பக்கத்துக்கு 16 புள்ளி கொண்ட சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 256 புள்ளிகள். மேற்சொன்ன படத்தில் இத்தகைய கட்டங்கள் 8,160 அடங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைப் போன்ற பகுதி முந்திய படத்தில் எங்கே உள்ளது என்று அக்கம்பக்கத்தில் தேடிப் பார்க்கிறார்கள். மிக ஒத்த பகுதி கிடைத்ததும், “இடப்புறம் 3 புள்ளி, கீழே 2 புள்ளி தள்ளியுள்ள பகுதியை எடுத்துக்கொள்” என்று இரண்டே எண்களை அனுப்புகிறார்கள். கணித வகுப்பில் நாம் படிக்கும் வெக்டர் இதுதான்! 768 பைட் எடுக்கும் கட்டத்தை இரண்டு சிறிய எண்கள் சொல்லிவிடுகின்றன.

தேடுவது அவ்வளவு சுலபமன்று. நாற்புறமும் 7 புள்ளி தூரம் வரை தேடினால் 225 இடங்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல்கள். எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரு படத்துக்கு 47 கோடி. ஒரு விநாடிக்கு 1,175 கோடி! இதற்கு 1981ஆம் ஆண்டில் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். முதலில் நடுவிடத்தையும் அதைச் சுற்றி 4 புள்ளி தள்ளி உள்ள 8 இடங்களையும் பார்ப்பது. அவற்றுள் சிறந்ததைச் சுற்றி 2 புள்ளி தள்ளி 8 இடங்கள். மீண்டும் சிறந்ததைச் சுற்றி 1 புள்ளி தள்ளி 8 இடங்கள். மூன்றே படிகளில் 25 சோதனைகளோடு வேலை முடிந்துவிடும். உழைப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது.

“அவசரத்தில் தவறான இடத்தைத் தேர்ந்துவிட்டால்?” என்று தோழியர் கேட்கலாம். நல்ல கேள்வி! ஊகம் மட்டும் அனுப்பப்படுவதில்லை. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமையும் திருத்தமாக உடன் அனுப்பப்படுகிறது. ஊகம் சரியானால் திருத்தம் ஏறத்தாழப் பூஜ்யம். ஊகம் தவறானால் திருத்தம் பெரிது. செலவுதான் கூடுமே தவிர, படம் பொய்யாகிவிடாது. இந்தத் திருத்தத்தையும் சுருக்கி அனுப்ப ஒரு கணித முறை உண்டு. அதை 1974ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். இவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

சுருக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்கள் சில விடுபடும். ஆகவே பெறுபவரிடம் உள்ள படம் அசலைவிடச் சற்றுக் குறைந்ததாகவே இருக்கும். அனுப்புபவர் தம்மிடமுள்ள அசலை வைத்து ஊகித்தால் இருவர் கணக்கும் வேறுபட்டு, பிழை படத்துக்குப் படம் வளர்ந்துவிடும். எனவே பெறுபவரிடம் என்ன படம் இருக்குமோ அதையே தாமும் உருவாக்கி, அதிலிருந்துதான் அவர் ஊகிக்கிறார். கேட்பவரின் நிலையில் நின்று பேசுவது என்பது இதுவன்றோ!

இனி, பாப்பரசர் நடக்கும்போது அவருக்குப் பின்னே மறைந்திருந்த தூண் வெளிப்படுகிறது. முந்திய படத்தில் அத்தூண் இல்லையே, எங்கிருந்து எடுப்பது? அடுத்து வரப்போகும் படத்திலிருந்து எடுக்கலாம்! இதற்காக நாலாவது படத்தை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் இருபுறமும் பார்த்து ஊகிக்கிறார்கள். பெறும் கருவி அவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

மழைத் துளிகளோ ஊகத்துக்கு எளிதில் அடங்குவதில்லை. ஒவ்வொரு துளியும் கணத்தில் தோன்றி மறைகிறது. முந்திய படத்தில் அதற்கு முன்னோடி இல்லை. ஓடும் நீர், புகை, தூவும் மலர்கள், திடீரென மின்னும் ஒளி ஆகியனவும் அப்படியே. அப்போது திருத்தங்கள் குவிந்து, அனுப்பும் பாதை போதாமல், படம் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிவதை நாம் பார்த்திருப்போம்.

வழியில் ஏதேனும் தகவல் தொலைந்தாலும் கேடுதான். பழுதான படத்திலிருந்து ஊகித்த அடுத்த படமும் பழுதாகும், அதற்கடுத்ததும் அவ்வாறே. இதைத் தடுக்க, அவ்வப்போது முன்னதை நம்பாத முழுப் படம் ஒன்றை அனுப்புகிறார்கள். அது வந்தவுடன் பழைய பிழையெல்லாம் மறைந்து, காட்சி தெளிவாகிவிடும்.

முகம் பார்த்துத் தொலைபேசியில் பேசுவதற்காக 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.261 என்னும் முறையிலேயே 16 புள்ளிக் கட்டங்கள் வந்துவிட்டன. 2003இல் வந்த எச்.264 கட்டத்தை 4 புள்ளி வரை சிறிதாக்கி, கால் புள்ளி அளவு அசைவையும் கணக்கிட்டது. 2013இல் வந்த எச்.265 தேவைக்கேற்ப 64 புள்ளிக் கட்டங்களையும் கையாண்டது. முறைகள் வளர்ந்தன, அடிப்படை மாறவில்லை.

தோழியரே! நாமும் ஒருவரையொருவர் நேற்றைய படத்தைக் கொண்டுதான் ஊகிக்கிறோம். “அவள் எப்போதும் அப்படித்தான்” என்கிறோம். ஊகிப்பது தவறன்று, ஊகமின்றி வாழ்வு நடவாது. ஆனால் ஓர் இயந்திரம்கூட ஊகத்தோடு திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. நாமோ திருத்தத்தை மறந்துவிட்டு ஊகத்தையே உண்மை என்று கொண்டு, தோழியின் மனத்தைப் புண்படுத்திவிடுகிறோம். ஆண்டுதோறும் நம் பள்ளியில் நடைபெறும் தியானமும், பாவசங்கீர்த்தனமும் பழைய பிழைகளைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் முழுப் படங்கள் போன்றவையே. அன்று மழையில் நனைந்த அந்த வெற்றுச் சதுக்கத்தை நினைக்கும்போது, அக்காட்சியை நம்மிடம் சேர்த்த அறிவையும் நினைப்போம். அவ்வறிவைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறுவோமாக!

— பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் பிரிவு மாணவியர்