வருசநாட்டுத் திறன்மிகு இல்லம்: கம்பிவழியும் கம்பியில்லா வழியும்

திறன்மிகு இல்லம் என்றவுடன் பெருநகர அடுக்ககமே நினைவிற்கு வருகிறது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலையடிவாரத்தில் அதன் எல்லை வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. தோட்டத்துக் கிணற்று மோட்டாரும் அதனுள் அடங்கும். ஆகவே, கம்பியா காற்றா என்பதைத் தொலைவே பெரிதும் தீர்மானிக்கிறது.

வீட்டினுள் இடம்பெயராத கண்காணிப்புக் கேமராவிற்கு ஈதர்நெட் கம்பியே ஏற்றது (சுவர் எழுப்பும்போதே குழாய் பதித்தவர்க்கு இது எளிது). 2003ஆம் ஆண்டுத் தரத்தின்படி, தரவுடன் 15.4 வாட் வரை மின்சாரத்தையும் அதுவே வழங்கும். ஆயினும் செம்புக் கம்பியின் வரம்பு 100 மீட்டர். திறந்தவெளியில் மின்னலின் மிகையழுத்தத்தைக் கருவிக்குள் கொணர்வதும் அதுவே. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ தோப்பின் ஈர இலைகளிடையே நலிவுறும். 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் விரைவில் நலியும். அங்கு உகந்தது, இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கும் லோரா. அது காணொளியைச் சுமக்காது. மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் சில பைட்டுகளே போதும்.

உழவர் கையாளும் செல்பேசி ஸ்டார்ட்டர் கோபுரச் சமிக்ஞையை நம்பியது. மலைமடிப்பில் சமிக்ஞை அறுபடின் நிறுத்தும் கட்டளை சென்றடையாது. நீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடிக் கருகக்கூடும். எனவே, நீர்மட்ட உணரியும் மோட்டாரை நிறுத்தும் ரிலேவும் கிணற்றடியிலேயே கம்பியால் இணைக்கப்படல் வேண்டும்; வீட்டிற்குச் செய்தி அனுப்புவது மட்டும் காற்றின்வழி நிகழலாம்.