வாய்விட்டுப் படித்த நாடகம்

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ 1600-இல் அச்சேறிற்று. எனினும், நடிகர் வாய்க்கென்றே எழுதப்பட்டது அது. இதனை எனக்கு உணர்த்தியவர்கள் என் மாணவர்களே.

நீதிமன்றக் காட்சிக்கு நான் உரை கூறிவந்த ஆண்டுகளில், கடனுக்கு ஈடாகச் சதையைக் கேட்ட ஷைலக் தோற்றதும் வகுப்பு சிரிக்கும். பொருள் விளங்கிற்றென்று நானும் மகிழ்வேன்! ஓராண்டு பாத்திரங்களைப் பங்கிட்டு உரக்கப் படிக்கச் செய்தேன். சமயமும் மாறும்படி பணிக்கப்பட்ட ஷைலக், உடல்நலமில்லையென்று விடைகேட்கும் இடத்தில், படித்த மாணவனின் குரல் தாழ்ந்தது. எவரும் சிரிக்கவில்லை.

பின்னர் அந்நாடகத்தை மேடையில் கண்டோம். பிறர் தன் கதியைத் தீர்மானிக்கையில் ஷைலக் பேசாது நிற்கிறான். ஏட்டில் அம்மௌனத்தை நாங்கள் கண்டதில்லை. ஐந்தாம் அங்கத்தில் அவன் வரவேயில்லை.

“அவன் எங்கே போனான், ஐயா?” என்றான் அம்மாணவன்.

நாடகத்தில் அதற்கு விடையில்லை என்றேன்.