முதியோர் குடியிருப்பில் ஒரு மாதம்: மூத்தோரும் குடும்பத்தினரும் அறிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி வட்டாரங்களில் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், காலை எட்டரை மணிக்குப் பின்னர் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் மூத்தோர் மட்டுமே. மகனும் மருமகளும் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் அவர் மருந்து உட்கொண்டாரா, மதிய உணவு அருந்தினாரா, குளியலறையில் வழுக்கி விழுந்தாரா என்பதை அறிய வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் இந்த விகிதம் உயர்ந்தே வருகிறது.

இதனால் முதியோர் குடியிருப்பைப் பற்றிச் சிந்திக்கும் குடும்பங்கள் பெருகியுள்ளன. அங்கே குடியேற எண்ணும் மூத்தவர் நீங்களாக இருக்கலாம். பெற்றோருக்காக இடம் தேடும் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். அறையின் அளவையும் மாதக் கட்டணத்தையும் கேட்டறிவது போலவே, அந்த இல்லத்தின் மாத நிகழ்ச்சி அட்டவணையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது வெறும் பொழுதுபோக்குப் பட்டியல் அன்று. மூத்தோரின் உடலையும் மனத்தையும் காக்கும் திட்டம்.

எவ்வகை இல்லங்கள் உள்ளன?

• கட்டணமில்லா முதியோர் இல்லங்கள்: ஆதரவற்றோருக்காக அரசின் உதவியுடனோ தொண்டு நிறுவனங்களாலோ நடத்தப்படுபவை.
• கட்டணக் குடியிருப்புகள்: தனி வீடு அல்லது அறையில் தம் விருப்பப்படி வாழ்ந்துகொண்டு, உணவு, துப்புரவு, மருத்துவ உதவி ஆகியவற்றைப் பொதுவாகப் பெறும் இடங்கள். கோயம்புத்தூரைச் சுற்றி இவை மிகுதி.
• பராமரிப்பு இல்லங்கள்: குளித்தல், உண்ணுதல், நடத்தல் போன்றவற்றுக்குப் பிறர் உதவி தேவைப்படுவோருக்கானவை.
• பகல்நேர மையங்கள்: காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு. தமிழக அரசு 2025-ஆம் ஆண்டு அறிவித்த ‘அன்புச்சோலை’ மையங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. பெற்றோரைப் பிரிய மனமில்லாத, ஆயினும் பகலில் வீட்டில் ஆளில்லாத குடும்பங்களுக்கு இது பொருத்தமானது. அருகில் மையம் உள்ளதா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நிகழ்ச்சி அட்டவணை ஏன் தேவை?

முதுமையில் தசைகள் விரைவாக வலுவிழக்கின்றன. சில வாரங்கள் படுக்கையிலேயே இருந்தவர் மீண்டும் எழுந்து நடக்க நெடுநாள் ஆகலாம். பகல் முழுவதும் உறங்குபவருக்கு இரவில் உறக்கம் வராது. பேச ஆளின்றி இருப்பவருக்குப் பசி குறையும், மனச்சோர்வு ஏற்படும். நாள்தோறும் எழுந்து, நடந்து, உண்டு, பேசிப் பழகும் ஒழுங்கு இவற்றைப் பெருமளவு தடுக்கிறது.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாட்களேனும் உடல் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இயலாதவர்கள் தங்கள் உடல்நிலை இடம்தரும் அளவுக்குச் செய்தால் போதும். சமநிலைப் பயிற்சி என்றதும் அஞ்ச வேண்டாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சில நொடிகள் நிற்பதும், குதிகாலை உயர்த்தி இறக்குவதும் இதில் அடங்கும்.

நல்ல மாத அட்டவணையில் இருக்க வேண்டியவை

நாள்தோறும்:
• வெயில் ஏறும் முன் அரைமணி நேர நடை.
• மருந்து கொடுத்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு.
• குறித்த நேரத்தில் உணவு. மூத்தோருக்குத் தாக உணர்வு குறைவு என்பதால், குறிப்பாகப் பங்குனி, சித்திரை வெயிலில், அவ்வப்போது தண்ணீரோ மோரோ கொடுத்து நினைவூட்டல். இதயம் அல்லது சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அளவை மருத்துவர் கூற வேண்டும்.
• மாலையில் அனைவரும் கூடும் நேரம்: செய்தித்தாள் வாசிப்பு, தாயம், பல்லாங்குழி, பாட்டு, பேச்சு.

வாரந்தோறும்:
• மேற்கண்ட வலுவூட்டல், சமநிலைப் பயிற்சிகள்.
• மருத்துவர் அல்லது செவிலியரின் வருகை.
• அவரவர் சமயத்துக்கேற்ற வழிபாடு. இதில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.
• குடும்பத்தினருடன் சந்திப்பு அல்லது காணொளி அழைப்பு.

மாதந்தோறும்:
• உடல் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பதிவு செய்தல். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதப் பரிசோதனை.
• உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்தல். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படலாம்.
• குடியிருப்போர் கூட்டம். உணவு, பராமரிப்பு, நிகழ்ச்சிகள் குறித்து மூத்தோர் தங்கள் கருத்தைக் கூறும் வாய்ப்பு இது.
• அருகிலுள்ள ஓரிடத்துக்கு வெளிப்பயணம். அவிநாசி, திருமுருகன்பூண்டி போன்ற பக்கத்துக் கோயில்களுக்கு அரைநாளில் சென்று திரும்பலாம். செல்லுமிடத்தில் கழிப்பறையும் சக்கர நாற்காலி செல்லும் வழியும் உள்ளனவா என முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பண்டிகை நாட்கள் மாதத்துக்கு உயிரூட்டுபவை. பொங்கல், ஆடிப்பெருக்கு, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவாயினும் சேர்ந்து கொண்டாடுங்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் புரட்டாசிச் சனி, சஷ்டி, ரம்ஜான் நோன்பு ஆகியவற்றை மேற்கொள்ளும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். வழக்கமான மருந்தை உட்கொண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால், சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையக்கூடும்.

கொங்கு வட்டாரத்தின் கும்மி இதற்கெல்லாம் ஏற்ற கலை. கைதட்டலும் அடியெடுப்பும் பாட்டும் அதில் ஒன்றுசேர்கின்றன. நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே கைதட்டிப் பாடலாம். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞரான கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்கள் 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானபோது அவருக்கு வயது 87.

பனியன், விசைத்தறித் தொழிலில் உழைத்தவர்களுக்கு

நீங்களோ உங்கள் பெற்றோரோ இத்தொழிலில் பல்லாண்டு உழைத்தவர் என்றால், சேர்க்கையின்போதே செய்த வேலை என்ன, எத்தனை ஆண்டுகள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

• விசைத்தறி இரைச்சலில் உழைத்தவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கலாம். அவர் கூட்டத்தில் பேசாமல் ஒதுங்கி அமர்வது கேளாமையால் இருக்கலாம். அதை மறதி என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிவிடாதீர்கள். செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• பஞ்சுத் தூசியில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் ஏற்படலாம். நுரையீரல் பரிசோதனைக்குப் பின்னரே நடையின் வேகத்தையும் தூரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.
• குனிந்து தைத்தவர்களுக்குக் கழுத்து, இடுப்பு வலியும், செக்கிங், அயர்ன் மேசையில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு மூட்டு வலியும் கால் நரம்புப் புடைப்பும் காணப்படலாம். இவர்களுக்கான பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் வகுத்துத்தர வேண்டும்.

இத்தொழிலாளர்களிடம் மற்றொரு குறையும் உண்டு. நாற்பது ஆண்டுகள் கை ஓயாமல் உழைத்த டெய்லருக்கு, “இனி ஓய்வெடுங்கள்” என்ற சொல் ஆறுதலாக இருப்பதில்லை. தன்னால் இனி எவருக்கும் பயனில்லை என்றே அது அவர் காதில் விழுகிறது. எனவே பொத்தான் தைத்தல், துணிப்பை தைத்தல், கீரைப் பாத்திக்கு நீர் விடுதல், புதிதாகச் சேர்ந்தவருக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டுதல் போன்ற சிறு பொறுப்புகளை அவருக்கு வழங்குவது நல்லது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமத்திலும், மூத்தோர் இயன்ற பணிகளில் பங்கேற்பதற்கு இடமளிக்கப்படுகிறது. ஆனால் பணி என்பது அவரது விருப்பமாக இருக்க வேண்டும். இல்லத்தின் ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்ய மூத்தோரை வேலை வாங்குவது முறையன்று.

மறதி நோய் உள்ளவர்களுக்கு

இவர்களுக்குப் புதுமையைவிட ஒழுங்கே முக்கியம். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே பணியாளர் உதவியுடன் நிகழ்ச்சிகள் நடக்கட்டும். பழைய பாடல்கள், குடும்பப் புகைப்படங்கள், துணி மடித்தல் போன்ற பழகிய வேலைகள் மனத்தை அமைதிப்படுத்தும். தவறாகச் செய்தாலும் திருத்த முயல வேண்டாம். வெளிப்பயணத்தின்போது பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை அவரிடம் இருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்கள்

புதிய இடத்துக்கு வந்ததும் உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, “வீட்டுக்குப் போகிறேன்” என்ற வேண்டுகோள் ஆகியன இயல்பே. தென்மாவட்டக் கிராமத்தை விட்டு, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து திருப்பூர் வந்தவர்களுக்கு இது இரண்டாவது இடப்பெயர்வு. கூடுதல் காலம் தேவைப்படும்.

• முடிவெடுக்கும் முன் அவரையும் அழைத்துச் சென்று இல்லத்தைக் காட்டுங்கள். இயன்றால் சில நாட்கள் தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.
• அவர் பயன்படுத்திய போர்வை, வானொலி, சாமி படம், புகைப்படங்கள் உடன் செல்லட்டும்.
• அவரை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதைப் பணியாளர்களிடம் கூறுங்கள். ‘அப்புச்சி’, ‘அம்மாயி’ என்ற சொல் சிலருக்கு இனிக்கும். சிலர் ‘ஐயா’, ‘அம்மா’ என்பதையே விரும்புவர்.
• “இரண்டு நாளில் அழைத்துப் போகிறேன்” எனப் பொய் கூறாதீர்கள். அவர் அந்த இரண்டு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

துயரம், ஆர்வமின்மை, உணவு மறுப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது சிகிச்சையால் குணப்படுத்தக் கூடியது. மருத்துவரை அணுகுங்கள்.

குடும்பத்தினரின் பங்கு

இல்லத்தில் சேர்ப்பதோடு உங்கள் கடமை முடிவதில்லை. எப்போதாவது திடீரென வருவதைவிட, மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக் குறித்துக்கொண்டு தவறாமல் வருவது மேலானது. ஷிப்ட் நெருக்கடியில் வர இயலாவிட்டால், தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம் பேசுங்கள். “சாப்பிட்டீர்களா?” என்பதோடு நில்லாமல், “இந்த வாரம் யாருடன் தாயம் ஆடினீர்கள்?” என்று கேளுங்கள். அவர் தரும் பதிலிலிருந்து, அட்டவணை தாளில் மட்டும் உள்ளதா, உண்மையிலேயே நடக்கிறதா என்பது விளங்கும். வரும்போது எடை, மருந்துப் பதிவேடுகளையும் பாருங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• சென்ற மாத நிகழ்ச்சி அட்டவணையைக் காண முடியுமா? அவற்றில் எவை நடந்தன?
• இரவில் எத்தனை பணியாளர்கள் இருப்பர்? அவசர அழைப்பு மணி படுக்கையருகிலும் கழிப்பறையிலும் உள்ளதா?
• வழுக்காத தரை, கைப்பிடிகள், சாய்தளம் உள்ளனவா? மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள் இத்தகைய வசதிகளை வலியுறுத்துகின்றன.
• அவசர நேரத்தில் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வர்? யார் உடன் செல்வர்?
• உடல்நிலை மோசமானால் தொடர்ந்து தங்க முடியுமா? வெளியேறினால் முன்பணம் எவ்வாறு திருப்பித் தரப்படும்?

உடனடியாகக் கவனிக்க வேண்டியவை

• முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல்: பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
• நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், விழுந்தபின் எழ முடியாமை: தாமதிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.
• திடீர்க் குழப்பம்: நோய்த்தொற்று, நீரிழப்பு அல்லது சர்க்கரைக் குறைவின் அறிகுறியாகலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.
• காரணமின்றி எடை குறைதல்: மருத்துவப் பரிசோதனை தேவை.
• விளக்க முடியாத காயங்கள், பணியாளரைக் கண்டு அஞ்சுதல், பணம் காணாமற்போதல்: கொடுமைக்கு உள்ளாவதன் அறிகுறியாகலாம். தனிமையில் அமர்ந்து, பொறுமையாகக் கேளுங்கள்.

உரிமைகளும் உதவிகளும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய கோட்டங்கள் உள்ளன. பராமரிப்பதாக நிபந்தனையிட்டுச் சொத்தை எழுதி வாங்கியவர் கைவிட்டால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரவும் இச்சட்டத்தில் வழியுண்டு.

• மூத்த குடிமக்கள் உதவி எண்: 14567
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• மருத்துவ ஆலோசனை: 104
• அவசர ஊர்தி: 108

வீட்டிலேயே இருக்க விரும்பும் மூத்தோர், 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளையும் இயன்முறை சிகிச்சையையும் இல்லத்திலேயே பெறலாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

நினைவில் கொள்க

• குடியேறும் முடிவு மூத்தவரின் சம்மதத்தோடு எடுக்கப்பட வேண்டும்.
• அறையைப் பார்க்கும் முன் அட்டவணையைப் பாருங்கள். அதன்படி நடக்கிறதா என்பதை மாதந்தோறும் கேட்டறியுங்கள்.
• நடை, உணவு, மருந்து ஆகியவற்றோடு, பேச ஒருவரும் செய்ய ஒரு வேலையும் மூத்தோருக்குத் தேவை.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.