விளக்கெண்ணெய் முதல் டீடாக்ஸ் டீ வரை... குடலைக் கழுவத்தான் வேண்டுமா?

'டீடாக்ஸ் டீ', 'கோலன் கிளென்ஸ்', 'மூன்றே நாளில் குடல் சுத்தம்' என்று ஏதோ ஒரு பெயரில் ஆன்லைனில் விற்கும் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கிரீன் டீ, புதினா, இஞ்சி, எலுமிச்சைப் புல் என்று வரிசையாகப் போகும். பல பாக்கெட்டுகளில் நடுவே 'சென்னா' என்றொரு பெயர் இருக்கும். வேலை செய்வது அதுதான். மற்றதெல்லாம் வாசனைக்கு!

சென்னா ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல, நம்ம ஊர் நிலாவாரை. உலகச் சந்தையில் அதற்கு 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். திருநெல்வேலியை ஆங்கிலேயர்கள் உச்சரித்த லட்சணம் அது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் வானம் பார்த்த பூமியில் விளைந்து, தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குக் கப்பலேறிய இலை. நாட்டு மருந்துக் கடையில் காலங்காலமாகப் பேதிக்குக் கொடுத்த அதே சரக்குக்குத்தான் இப்போது கலர் பாக்கெட்டும் புதுப் பெயரும் கிடைத்திருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. நிலாவாரையில் உள்ள சென்னோசைடு என்ற வேதிப்பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. உடைந்து வரும் பொருள்தான் குடலைத் தூண்டிவிடுகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். 'இரவில் குடியுங்கள், காலையில் பாருங்கள்' என்று விளம்பரம் சொல்வது இதனால்தான். எந்தக் குடலை 'அழுக்கு மூட்டை' என்று விளம்பரம் பயமுறுத்துகிறதோ, அந்தக் குடலின் பாக்டீரியா தயவு இல்லாவிட்டால் அந்த டீ வேலையே செய்யாது.

மூக்கைப் பிடித்து ஊற்றிய காலம்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'பேதிக்குக் குடித்திருக்கிறீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுளித்துக்கொண்டே சிரிப்பார்கள். முழுப் பரீட்சை லீவு விட்டதும் ஒருநாள் அதிகாலையில் வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். குமட்டாமல் இருக்க மேலே ஒரு வாய் காபியோ இஞ்சிச் சாறோ. பிறகு அரைமணிக்கொரு தரம் வெந்நீர். 'எத்தனை தடவை போச்சு?' என்று பாட்டி கணக்கு வைத்துக்கொள்வார். போதும் என்று தோன்றியதும் மோர் கொடுத்து நிறுத்துவார். மதியம் ரசம் சாதம், அன்று முழுக்க வெளியே விளையாடப் போகக் கூடாது.

இதற்குப் பின்னால் ஏட்டு மருத்துவமும் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து எடுக்க வேண்டும் என்று தேரையர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ விதி சொல்கிறது. ஆயுர்வேதத்தில் விரேசனம், வஸ்தி இரண்டும் பஞ்சகர்ம சிகிச்சையில் அடக்கம். ஆனால், இந்த முறைகளில் பேதி என்பது நடுவில் வரும் ஒரு கட்டம் மட்டுமே. விரேசனத்துக்கு முன்பு சில நாள்கள் நெய் கொடுத்து, வியர்க்க வைத்து உடலைத் தயார்படுத்துவார்கள். முடிந்த பிறகு கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகத்தான் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று வைத்தியர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சித்த மருத்துவத்தின் கடுமையான பேதி மருந்துகளில் சேரும் நேர்வாளம், முறையாகச் சுத்தி செய்யாவிட்டால் நஞ்சு.

பாக்கெட் வியாபாரம் இந்தச் சங்கிலியிலிருந்து பேதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டது. தயாரிப்பு இல்லை, ஓய்வு இல்லை, கணக்கு வைக்கும் பாட்டி இல்லை. 28 நாளைக்குக் குடி என்கிறது. எந்தப் பாட்டியும் 28 நாள் தொடர்ந்து விளக்கெண்ணெய் கொடுத்ததில்லை.

அந்தக் காலத்தில் பேதிக்குக் கொடுத்ததற்கு வீட்டில் சொன்ன முக்கியக் காரணம், 'வயித்துல பூச்சி'. வெறுங்காலோடு திரிந்து, திறந்தவெளிக்குப் போன பிள்ளைகளுக்கு அது நிஜமான பிரச்னை. விளக்கெண்ணெய் சிறுகுடலில் ரிசினோலிக் அமிலமாக உடைந்து குடலை முடுக்கிவிடும். ஆனால், குடல் சுவரைக் கவ்வியிருக்கும் கொக்கிப்புழுவை அது கொல்லாது. இன்று அந்த வேலையை ஒரு மாத்திரை முடித்துவிடுகிறது. தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் இலவசமாகத் தரப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. கடித்து மென்று விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போகலாம், பேதியும் இல்லை, லீவும் இல்லை. (லீவு இல்லை என்பதில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்கலாம்!)

நூறாண்டுக்கு முந்தைய பயம்

'குடலில் தேங்கும் கழிவு ரத்தத்தில் விஷமாகக் கலக்கிறது' என்பது இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்த பயம் அல்ல. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்களே இதை நம்பினார்கள். அமெரிக்காவில், கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் ஜான் ஹார்வி கெல்லாக் தன் சானட்டோரியத்தில் எனிமாவை ஒரு முக்கியச் சிகிச்சையாகவே வைத்திருந்தார். லண்டனில் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை சிகிச்சை நிபுணர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்.

1919-ல் வால்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதை மறுத்து எழுதினார். மலச்சிக்கலில் வரும் தலைவலி, மந்தம் எல்லாம் ரத்தத்தில் கலந்த விஷத்தால் என்றால், மலம் போனதும் எப்படி உடனே சரியாகும்? விஷம் இறங்க நேரம் வேண்டாமா? மலக்குடல் நிறைந்து விரிவதே காரணம் என்றார். சில ஆண்டுகளில் இன்னொரு ஆய்வாளர் ஆட்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம் வந்தன. பஞ்சில் ஏது விஷம்?

உணவு, தண்ணீர், செரிமான நீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் நம் குடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மிச்சத்தைப் பெருங்குடல் வாங்கிக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி தண்ணீர்தான். குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கிறது. 'பல வருட மலம் சுவரில் ஒட்டியிருக்கிறது' என்றால், சுவரே தங்காத இடத்தில் அது எதில் ஒட்டும்? கிளென்ஸ் பொடி சாப்பிட்டவர்கள் போட்டோ போட்டுக் காட்டும் கயிறு போன்ற பொருளும் பெரும்பாலும் அந்தப் பொடியில் இருக்கும் இசப்கோலும் களிமண்ணும் சேர்ந்து உருவானதுதான். எடை மெஷினில் குறையும் ஒன்றிரண்டு கிலோவும் தண்ணீர்தான்.

குடலின் விஷம் உண்மையாகவே உடம்பைக் கெடுக்கும் நேரமும் உண்டு. கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குக் குடலில் உருவாகும் அம்மோனியா மூளையைப் பாதித்துக் குழப்பம், மயக்கம் வரை கொண்டுபோகும். அவர்களுக்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, தினம் இரண்டு மூன்று முறை மலம் போக வைப்பதே சிகிச்சை. கொலோனோஸ்கோப்பிக்கு முன்பு லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடிக்க வைத்துக் குடலைக் காலி செய்வதும் அவசியமான சுத்தம்தான். அந்தத் தண்ணீரில் உப்புகள் அளந்து கலக்கப்பட்டிருக்கும்.

அளவு தப்பினால் என்ன ஆகும்? குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த சோடியம் பாஸ்பேட் மருந்தால் சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போனது. 2008-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த மருந்துக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதற்கும் முன்பு, 1978 முதல் 1980 வரை கொலராடோவில் ஒரு கிளினிக்கில் குழாய் வழியே குடல் கழுவிக்கொண்டவர்களிடையே அமீபா தொற்று பரவியது. குறைந்தது 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். 10 பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டிவந்தது. 6 பேர் இறந்தார்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய கருவி சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் அடுத்தவருக்குப் போனதுதான் காரணம்.

பேதியோடு பொட்டாசியமும் சோடியமும் போகும். நீர் மாத்திரை எடுக்கும் பி.பி நோயாளிகள், இதயம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்களுக்கு இது விளையாட்டல்ல. கர்ப்பிணிகள் விளக்கெண்ணெயைத் தொடவே கூடாது, அது கருப்பையையும் சுருங்க வைக்கும். தொப்புளைச் சுற்றியோ வலப்பக்கம் அடிவயிற்றிலோ வலிக்கும்போது 'வாயுவாக இருக்கும்' என்று பேதிக்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து. அது குடல்வால் அழற்சியாக இருந்தால் வெடித்துவிடக்கூடும்.

எப்போது டாக்டரிடம்?

தினமும் போயே ஆக வேண்டும் என்றில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். முக்கி, வலித்து, கல்லாக வந்தால்தான் மலச்சிக்கல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குத் தினம் 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது. கீரை, அவரைக்காய், சுண்டல், கொய்யா, சிறுதானியம் என்று நம் சமையலிலேயே அதற்கு வழி இருக்கிறது. காலையில் சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை நாள் சரியாகப் போனவருக்கு 40, 50 வயதில் திடீரென்று மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்து வாரக்கணக்கில் நீடிப்பது, மலத்தில் ரத்தம், மலம் தார் போலக் கறுத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை... இவை பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இங்கேதான் கிளென்ஸ் பாக்கெட் நிஜமான கெடுதல் செய்கிறது. டீ குடித்ததும் வயிறு இளகும். 'சரியாகிவிட்டது' என்று மாதங்கள் ஓடும். ரத்தத்தைப் பார்த்தாலும் 'மூலமாக இருக்கும், சூடு' என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். குடலில் வளரும் பாலிப் என்ற சின்னக் கட்டியை எந்தப் பேதி மருந்தும் கழுவி எடுக்காது. ஆனால், அது புற்றாக மாறச் சாதாரணமாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் கண்டுபிடித்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். அறிகுறி இல்லாதவர்களும் இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை அமெரிக்க நிபுணர் குழு 2021-ல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் 45 வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.