தாய்மண்ணில் காத்திருந்த பந்து வீச்சாளர்

மைசூரில் குடியேறி வாழும் நேயர்கள் ஜவகல் ஸ்ரீநாத்தின் பெயரை அறியாதிருக்க மாட்டார்கள். 1969-ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்து, இங்குள்ள பொறியியற் கல்லூரியிலேயே பயின்றவர் அவர். 1989-இல் கர்நாடகத்தின் சார்பில் ஹைதராபாதை எதிர்த்து ஆடிய முதல் ரஞ்சிப் பந்தயத்திலேயே, அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். 1991 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தமது முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். ஆனால், இந்திய மண்ணில் அவர் முதன்முதலாக டெஸ்ட் ஆடியது 1994 நவம்பரில்தான். இந்த மூன்றாண்டுக் காத்திருப்பு நேர்ந்தது எவ்வாறு என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

அக்காலத்தில் நம் நாட்டு ஆடுகளங்கள் சுழற்பந்துக்கே இசைந்திருந்தன. கும்ப்ளே, ராஜு, சௌகான் ஆகிய மூவருக்கு இடம் அளித்தபின், வேகப் பந்துக்கு எஞ்சியவை இரண்டே இடங்கள். அவ்விரண்டும் கபில்தேவுக்கும் பிரபாகருக்கும் உரியனவாயின. இருவரும் மட்டை பிடிக்கவும் வல்லவர்கள். கபில்தேவோ நியூஸிலாந்தின் ஹாட்லி நிலைநாட்டியிருந்த 431 விக்கெட்டு என்னும் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய வேகம் தணிந்துவிட்டது கண்கூடு. எனினும் அவரை நீக்கத் தேர்வாளருக்கு மனம் வரவில்லை. 1994 பெப்ரவரி 8-ஆம் நாள் அகமதாபாதில் அவர் 432-ஆவது விக்கெட்டை வீழ்த்தினார்.

இங்கிலாந்து, ஜிம்பாப்வே, இலங்கை ஆகிய நாடுகளுடன் 1993, 1994 ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த அந்த ஏழு டெஸ்டுகளிலும் இந்தியா வென்றது. வெல்லும் அணியைக் கலைப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வாதத்தை நாம் முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆயினும் அவ்வெற்றிகள் பெரும்பாலும் சுழற்பந்தால் கிட்டியவை. ஆகவே வேகப் பந்தாளர் தேர்வு சரியானதென்று அவற்றைக் கொண்டு நிறுவ முடியாது. உயிரற்ற ஆடுகளங்களில் பல்லாண்டுகள் தனியொருவராகப் பாரம் சுமந்த கபில்தேவுக்கு நாடு நன்றி பாராட்டியது முறையே. ஆனால் அந்த நன்றிக்கடனில் ஒரு பங்கு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் முழு வலிமையோடிருந்த இளைஞரின் கணக்கில் அல்லவா எழுதப்பட்டது? வேகப் பந்தாளருக்கு அவ்வயது திரும்பி வருவதில்லை.

தமிழர்க்கு இது புதிய அனுபவமன்று. 1961 பெப்ரவரியில் டில்லியில் பாகிஸ்தானை எதிர்த்துத் தம் முதல் டெஸ்டை ஆடிய சென்னை வி. வி. குமார், முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார். அதன்பின் அவர் ஆடக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட்!

ஸ்ரீநாத்துக்கு விதி அவ்வளவு கடுமை காட்டவில்லை. கபில்தேவ் ஓய்வு பெற்றபின், பம்பாயில் மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து ஆடிய அந்த 1994 நவம்பர் டெஸ்டில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு, 60 ஓட்டங்களும் எடுத்தார். 67 டெஸ்டுகளில் 236 விக்கெட்டுகளுடன் அவர் ஆட்டம் நிறைவுற்றது. அந்த ஏழு பந்தயங்களும் சேர்ந்திருந்தால் இக்கணக்கு எவ்வளவாகியிருக்கும் என்று எவரும் கூற முடியாது. அவற்றுள் ஒன்று, 1994 ஜனவரியில், மைசூரிலிருந்து சற்றேறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரிலேயே நடந்தது. அன்று ஆடிய பதினொருவரில் மைசூர்க்காரர் இல்லை.