கிரீஸில் ஒட்டிய கடலை

"செருப்போடயே வாங்க, கீழ எல்லாம் கிரீஸ்" என்றார்கள் வாசலிலேயே. நான் பார்க்க வந்ததே அந்தக் கிரீஸைத்தான்!

கோவைப் பக்கம் ஒரு பட்டறை. விதைக்கும் கருவியைச் சோதித்துப் பார்க்கும் நாள். நீளமான ரப்பர் பெல்ட் ஒன்றின் மேல், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற பதமாக, கிரீஸைத் தடவிக்கொண்டிருந்தார் ஒரு இளம் பெண் வேளாண் பொறியாளர். மேலே கருவி அசையாமல் நிற்கிறது. கீழே பெல்ட் ஓடுகிறது, வயலில் டிராக்டர் போகிற அதே வேகத்தில். விழுகிற நிலக்கடலை விதை விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. டக்... டக்... டக். மோட்டார் நின்றதும் நாலு பேர் ஸ்கேலோடு குனிந்தார்கள். நான் சும்மா இருப்பேனா, நானும் குனிந்தேன்.

கடலைக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி 5 செ.மீ.க்குள் வந்தால் 'டபுள்'. 15 செ.மீ.யைத் தாண்டினால் 'மிஸ்'. "ஒம்பதரை... பத்து... பத்தே கால்..." என்று போய்க்கொண்டிருந்த கணக்கில், "நாலு! டபுள்!" என்று கத்தியது நான்தான்.

உடனே கருவியைத் திறந்தார்கள். உள்ளே சாய்வாகச் சுற்றும் தட்டு, விளிம்பெல்லாம் குழி. குழிக்கு ஒரு விதை. குழி கொஞ்சம் பெருத்தால் இரண்டு ஏறிவிடும். சிறுத்தால் விதை நசுங்கும். நிலக்கடலைப் பருப்பின் மெல்லிய தோல் உரிந்தாலே முளைப்பு கெட்டுவிடும். அதனால் குழி வெட்டுவதற்கு முன்பே 100 விதைகளை ஒவ்வொன்றாக வெர்னியரில் பிடித்து நீளம், அகலம், தடிமன் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கடலைக்கு இத்தனை மரியாதையா! விதையைக் குவித்து, குவியல் எந்தச் சாய்வில் நிற்கிறது என்றும் அளக்கிறார்கள். விதைப்பெட்டியின் அடிச்சுவர் அதைவிடச் சரிவாக இருந்தால்தான் கடைசி விதைவரை தானாக இறங்குமாம்.

இந்த வேளாண் பொறியியல் படிப்புக்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் கல்லூரி இருக்கிறது. 4 வருட பி.டெக். முடித்தவர்கள் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை, டிராக்டர் கம்பெனி, சொட்டுநீர்ப் பாசனம், வங்கி என்று பல பக்கம் போகிறார்கள். என்னைக் கேட்டால், கையில் கிரீஸ் ஒட்டும் இந்த வேலைக்குத்தான் முதல் ஓட்டு.

மறுநாள் செம்மண் காடு. பெல்ட்டில் அத்தனை ஒழுங்காக விதை போட்ட கருவி, இங்கே மண்கட்டியில் சக்கரம் சறுக்கியதும் ஒன்றரை அடிக்கு விதையே போடாமல் ஓடியது. தட்டைச் சுற்ற வைப்பதே அந்தச் சக்கரம்தான். அது உருளாவிட்டால் தட்டும் நின்றுவிடும். ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் விதை போட்டே வளர்ந்தவர் காட்டுக்காரப் பெரியவர். சக்கரத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"பல்லு பத்தாது கண்ணு. இன்னும் நாலஞ்சு வெச்சுப் பாரு, மண்ணைக் கவ்விக்கும்."

"சரிங்கய்யா."

பட்டறைக்குப் போய் ஆறு பல் பற்றவைத்துக்கொண்டு மத்தியானமே திரும்பிவிட்டார்கள். மறுபடி ஒரு சால் ஓட்டம். டிராக்டர் நிற்பதற்குள் அந்தப் பெண் மண்ணில் மண்டியிட்டு, விரலால் சாலை மெல்லக் கீறினார். ஒரு கடலை. இன்னும் கீற, அடுத்தது. நடுவே ஸ்கேலை வைத்தார்.

"பத்துங்கய்யா!"

பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்து கீற ஆரம்பித்தார்.